மூன்றாம் பக்கத்தில் இருந்த வெடிப்பு

தம்பி,

ஹோட்டல் வேலைக்காக நீ கண்டிக்குப் புறப்பட்ட அன்று பஸ் வரும்வரை நாம் கடைச் சந்தியில் நின்றுகொண்டிருந்தோம். சொல்ல வேண்டியவை எனக்கு நிறைய இருந்தன. ஆனால் நான் கேட்டதெல்லாம் சுவெட்டர் எடுத்தாயா, தைலம் எடுத்தாயா என்பதுதான். கண்டியில் சுவெட்டர் தேவைப்படாது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பஸ் வளைவில் திரும்பி மறைந்த பிறகு உன் அப்பா, "இவ்வளவு நேரம் நின்னு புள்ளைக்கி ஒரு நல்ல வார்த்த சொன்னியா நீ" என்று கேட்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை. உன் பையைத் தூக்கிப் பார்த்து, கனமில்லை, கனமில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நல்ல வார்த்தையை எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன். பத்திரிகைக்கு அனுப்பட்டுமா என்று கேட்டபோது, "அனுப்புங்கம்மா, பேரு மட்டும் போட்டுறாதீங்க, ஹோட்டல்ல கேலி பண்ணியே கொன்னுருவாங்க" என்றாய். போடவில்லை. வீட்டில் கூப்பிடுகிறபடி தம்பி என்றே எழுதுகிறேன். உன்னைப் போன்ற தம்பிகளும் தங்கச்சிகளும் எல்லாத் தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும்.

நீ ஆங்கிலம் எழுதத் தொடங்கிய மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போது நீ ஹட்டனில் போன் திருத்தும் கடையில் வேலை செய்துகொண்டிருந்தாய். சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலம் உனக்குக் கைகொடுக்கவில்லை. ஆனால் சிவனொளிபாத மலைக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் ரயிலை விட்டு இறங்கி சிம் அட்டை கேட்டு வரும்போது, கையும் வாயும் சேர்த்து எப்படியோ பேசி அனுப்பிவிடுவாய். பேச்சு ஓடிவிடும். அதே ஆட்கள் மறுநாள் மெசேஜில் ஏதாவது கேட்டால் மட்டும் கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாய். அது உன்னை உள்ளுக்குள் அரித்திருக்க வேண்டும். ஒருநாள் வேலை முடிந்து வந்து, நனைந்த சப்பாத்தைக்கூடக் கழற்றாமல், இணையத்தில் ஒரு பக்கம் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னாய். ஆங்கிலம் பழகுகிறவர்கள் எந்தெந்த நாட்டிலிருந்தோ வந்து அங்கே நாலு வரி எழுதுவார்களாம். மற்றவர்கள் அதைத் திருத்துவார்களாம். திருத்துகிறவர்களும் பெரும்பாலும் பழகுகிறவர்கள்தானாம்.

நீ எழுதிய முதல் நாலு வரி என்னைப் பற்றியது. என் அம்மா ஆசிரியை. அவர் பஸ்ஸில் போவதில்லை, நடந்து போகிறார். அவரிடம் ஒரு பெரிய பை இருக்கிறது. பையில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதை ஆங்கிலத்தில் எழுத உனக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. மறுநாள் காலை திருத்தங்கள் வந்திருந்தன. திரை முழுக்கச் சிவப்பு. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. என் பிள்ளையை யாரோ வகுப்பின் நடுவில் எழுப்பி நிறுத்திவிட்டது போல் இருந்தது. நீயோ சிரித்துக்கொண்டு போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாய். "பாத்தீங்களாம்மா, ஒரு வார்த்த விடாம வாசிச்சிருக்காங்க" என்றாய்.

இத்தனை வருடம் பிள்ளைகளின் விடைத்தாள்களில் சிவப்புப் பேனா ஓட்டியவள் நான். அந்தச் சிவப்பை ஒருவன் அப்படிப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

திருத்தியவர்களில் ஒருவர் கீழே ஒரு கேள்வியும் எழுதியிருந்தார். பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், துபாய் ஆஸ்பத்திரியில் தாதி வேலை. பையில் என்னதான் இருக்கிறது, கேட்டுச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். நீ சமையலறைக்கு வந்து, "அம்மா, அந்தப் பைக்குள்ள என்னம்மா இருக்கு? துபாய்ல கேக்குறாங்க" என்றாய். ரொட்டியைத் திருப்பிப் போட்டபடியே ஒவ்வொன்றாகச் சொன்னேன். குடை, சோக்குப்பெட்டி, சாப்பாட்டுப் பெட்டி, பிளாஸ்டர், மழையில் நனைந்து வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு சோடி காலுறை. காலுறை என்றதும் நீ நிமிர்ந்து பார்த்தாய். அது உனக்கே தெரியாத சேதி. அன்று இரவு நீ காலுறையைப் பற்றி எழுதினாய். அந்தத் துபாய் அக்கா அதையும் திருத்தி, உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம் என்று போட்டிருந்தார். நானும் அதன் பிறகுதான், விஞ்ஞானப் பாடத் தாளாக இருந்தாலும், திருத்தி முடித்ததும் கீழே ஒரு கேள்வி எழுதப் பழகினேன். தவளையை எங்கே பார்த்தாய்? விதை முளைத்ததா? பிள்ளைகள் தாளை வாங்கியதும் இப்போது புள்ளியைப் பார்ப்பதில்லை, கேள்வியைத் தேடுகிறார்கள்.

நானும் ஆங்கிலம் படித்தவள்தான், தம்பி. உயர்தரத்தில் படித்தேன், கல்வியியற் கல்லூரியில் படித்தேன், சான்றிதழும் இருக்கிறது. சிங்களத் தோழிகள் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பார்கள், வாள் என்று அர்த்தம். அதைச் சுழற்றத் தெரிந்தவர்களைக் கண்டால் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒதுங்கி நிற்போம். பரீட்சைக்குக் கட்டுரைகளை மனப்பாடம் செய்தேன். வாசித்தால் விளங்கும். ஆனால் என் மனதில் இருக்கும் ஒரு வரியை, என் பையைப் பற்றிய ஒரு வரியைக்கூட, நான் ஆங்கிலத்தில் எழுதியதில்லை. பிழை வந்துவிடுமே என்ற பயம். நீ பிழையோடு தொடங்கினாய். அதுதான் நம் இருவருக்கும் உள்ள வித்தியாசம். இதை நான் வருத்தத்தோடு சொல்லவில்லை, பெருமையோடுதான் சொல்கிறேன்.

கேலிக்குக் குறைவிருக்கவில்லை. அப்பா தேயிலை ஆலையில், நம் ஸ்டோரில், இரவு வேலை முடிந்து வந்து, தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, "வெள்ளக்காரன் போயி எத்தன காலமாச்சு, நீ இப்ப வலியப் போயி அவன்கிட்ட ஏச்சு வாங்குற" என்பார். "வெள்ளக்காரன் இல்லப்பா, பிலிப்பைன்ஸ் அக்கா. அவங்களும் படிக்கிறவங்கதான். நேத்து அவங்க எழுதினத நான் திருத்திக் குடுத்தேன்" என்றாய் நீ. அப்பா கோப்பையை வைத்துவிட்டார். "நீ திருத்துனியா? சரியா இருந்துச்சா?" "பாதி சரி. மீதிய இன்னொருத்தர் வந்து திருத்துனாரு." அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. தோட்டத்து அலுவலகக் கிளாக்கர் உன்னை பஸ்ஸில் காணும்போதெல்லாம், "என்னா தொரை, இன்னைக்கி எத்தன பிழை?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்பார். "நேத்தைக்கி விட கொறைவுதான் அண்ணே" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். கடை முதலாளி கேட்டதும் நினைவிருக்கிறது. "பட்டன அமுக்குனா போனே எழுதிக் குடுக்குது. போன் கடையில இருந்துகிட்டு நீ ஏன்டா மண்டைய ஒடைக்கிற?" நீ சொன்னாயாம், "அது எழுதுனா அதுக்குத்தான் முதலாளி பழகும், எனக்குப் பழகாது." இதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லும்போது அவர் குரலில் கேலி இல்லை.

உன் பழக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று. திருத்தி வந்ததை நீ பார்த்து எழுதமாட்டாய். ஒருதரம் நன்றாக வாசித்துவிட்டு, போனை மூடிவைத்துவிட்டு, வெளியே போய்க் கோழிக்குத் தீன் போடுவாய், தண்ணீர் பிடிப்பாய், அப்பாவோடு எதையாவது பேசுவாய். பிறகு வந்து நினைவிலிருந்து எழுதுவாய். எங்கே தடுக்குகிறதோ அங்கே மட்டும் போனைத் திறந்து பார்ப்பாய். இதை உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அப்படி எழுதிய வாக்கியங்கள் சின்னவை. மழை பெய்கிறது. பஸ் வரவில்லை. கோழி நனையவில்லை, நான் நனைந்தேன். ஆனால் ஒவ்வொன்றும் உன்னுடையது.

பிறகு வேலைக்கு விண்ணப்பம் எழுதிப் பழக வேண்டும் என்று என்னிடம் மாதிரி கேட்டாய். எனக்குத் தெரிந்த ஒரே மாதிரியை நான் கொடுத்தேன். மிகத் தாழ்மையுடன் தங்கள் மேலான சமூகத்துக்கு, தங்கள் கருணையை வேண்டி, தங்கள் கீழ்ப்படிதலுள்ள ஊழியன் என்றெல்லாம் வரும் அந்தப் பழைய ஆங்கிலம். நீ அதைப் பார்த்து எழுதி அந்தப் பக்கத்தில் போட்டாய். இந்தத் தடவை துபாய் அக்கா எதையும் திருத்தவில்லை. கேள்வி மட்டும் கேட்டிருந்தார். நீங்கள் ஏதாவது தவறு செய்துவிட்டீர்களா, ஏன் ஒவ்வொரு வரியிலும் மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று. நீ போனை என்னிடம் காட்டி, "இதுக்கு என்னம்மா சொல்றது?" என்றாய். அப்போது உனக்கு என் அப்பாவின் கதையைச் சொன்னேன்.

எங்கள் லயத்துக் கூரைத் தகரம் துருப்பிடித்து ஒழுகியபோது, என் அப்பா டவுனுக்குப் போய் மனு எழுதுகிறவரிடம் ஆங்கிலத்தில் மனு எழுதுவித்தார். என்னையும் கூட்டிப்போயிருந்தார். எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டச் சொன்னார். எழுதியவர் வாசித்தார். அப்பாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, "இன்னும் கொஞ்சம் கனமா போடுங்கய்யா" என்றார். எழுதியவர் இன்னும் இரண்டு வரி கும்பிடு சேர்த்தார். அப்பா திருப்தியாகத் திரும்பினார். நம் ஆட்களுக்கு ஆங்கிலம் என்றால் அதுதான், தம்பி. கேட்பதற்கான மொழி. குனிந்தால் குனிந்த அளவுக்குக் கிடைக்கும் என்று நம்பிய மொழி. தோட்டத்தை நடத்தும் துரையிடம் பேசும்போது தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைப்பது போலத்தான் அந்த வார்த்தைகளும். நான் கல்லூரிக்குப் போயும் அந்தத் துண்டைத்தான் உனக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன். கதையைக் கேட்டுவிட்டு நீ, "தகரம் வந்துச்சாம்மா?" என்று மட்டும் கேட்டாய். வரவில்லை.

அதற்குப் பிறகு வந்த மழையைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் இதை வாசிக்கிற மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம் தோட்டத்தில் தாய்மார் கொழுந்து எடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளை மடுவம், ஒரு மண்திட்டின் அடியில் இருந்தது. தொடர்ந்து பெய்த மழையில் அந்தத் திட்டின் தலையில் நிலம் வெடித்திருந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் செல்விதான் முதலில் கண்டாள். பின்பக்கத்து ஜன்னலைத் திறந்தால் சேறு வடிகிறது, உத்தரத்தில் கட்டிய தொட்டில்கள் எல்லாம் அந்தச் சுவர் பக்கம்தான் என்று என்னிடம் வந்து சொன்னாள். துரையிடம் சொன்னபோது, கொழும்பு தலைமை அலுவலகம்தான் முடிவெடுக்க வேண்டும் என்றாராம். தொழிற்சங்கத் தலைவர் கிளாக்கரைப் பிடித்து மனு எழுதி அனுப்பினார். பதில் இல்லை. மழை இருட்டிக்கொண்டு வந்தால் மலையில் பெண்களுக்குக் கை ஓடவில்லை. "கொழுந்துல கண்ணு இல்லீங்க டீச்சர், கீழ அந்தக் கூரையிலதான் கண்ணு" என்று ஒரு பெண் என்னிடம் சொன்னாள். அவள் பிள்ளைக்கு அப்போது ஒரு வயதும் ஆகவில்லை. இரண்டு பேர் வேலைக்குப் போவதையே நிறுத்தினார்கள். மற்றவர்களால் நிறுத்த முடியவில்லை.

நீ தலைவரிடம் போய் அந்த மனுவின் பிரதியை வாங்கி வந்தாய். வாசலில் நின்றபடியே வாசித்தாய். மெதுவாகத்தான் வாசித்தாய், சில சொற்களுக்குப் போனைப் பார்த்தாய். முதல் பக்கம் முழுக்கக் கம்பெனியின் பெருமை. இரண்டாம் பக்கம் முழுக்க நம்முடைய பணிவும் பரம்பரை விசுவாசமும். மூன்றாம் பக்கத்தின் நடுவில்தான் மண்திட்டு வந்தது. அதிலும் வெடிப்பு என்ற சொல் கடைசி வரியில். "அம்மா, இத வாசிக்கிறவரு மூணாம் பக்கத்துக்கு வந்திருக்கவே மாட்டாரும்மா" என்றாய். மறுநாள் கடைக்கு லீவு சொன்னாய்.

நீ எழுதிய முதல் வரி இது. பிள்ளை மடுவத்துக்குப் பின்னால் உள்ள மண்திட்டு வெடித்திருக்கிறது. இரண்டாவது வரி, வெடிப்பு ஒரு பஸ்ஸின் நீளம் இருக்கிறது. அதையும் அந்தப் பக்கத்தில் போட்டாய், தோட்டத்தின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு. வந்த திருத்தங்களில் சில சொற்களைப் பற்றியவை. மற்றவை எல்லாம் கேள்விகள். குழந்தைகளுக்கு என்ன வயது? அவர்கள் தூங்குவது எந்தப் பக்கம்? மழை நேரத்தில் அவர்களை எங்கே கொண்டுபோகிறார்கள்? வேறு கட்டடம் இருக்கிறதா? கடைசிக் கேள்வி துபாய் அக்காவுடையது. நீ அதைப் பார்த்துவிட்டு நெற்றியில் தட்டிக்கொண்டாய். ஸ்டோருக்கு மேலே, பழைய கிளாக்கர் குவாட்டர்ஸ் பூட்டியே கிடந்தது. நாம் தினமும் பார்த்தோம். அதனாலேயே யாரும் அதை மனுவில் எழுதவில்லை. அதைப் பார்த்தே இராத ஒருத்தி கேட்டபோதுதான் அது உன் கடிதத்துக்குள் வந்தது.

பிறகு என்னிடம் திருத்தக் கொடுத்தாய். நான் இரண்டு திருத்தம் செய்தேன். கீழ் டிவிஷன் என்று மட்டும் போட்டால் கொழும்பில் இருப்பவருக்கு என்ன தெரியும், எந்த ரோட்டில் எந்தப் பாலம் தாண்டி வரவேண்டும் என்று எழுது என்றேன். "இது நல்ல பாயிண்ட்டும்மா" என்று உடனே சேர்த்தாய். மற்றது, உன் முதல் வரிக்கு மேலே நான் எழுதிய நான்கு வரி. மிகத் தாழ்மையுடன் என்று தொடங்கியது. நீ அதை இரண்டு தரம் வாசித்தாய். பிறகு, "இது வேணாம்மா" என்றாய்.

"மரியாதைக்காவது வேணும் தம்பி. இவனுக்கு எவ்வளவு திமிருன்னு நெனப்பாங்க."

"தயவுசெய்துன்னு போட்டிருக்கேன். நன்றின்னு போட்டிருக்கேன். மரியாத இருக்கு. நாம இனாமா எதுவும் கேக்கலையேம்மா. மண்ணு வெடிச்சிருக்கு, புள்ளைங்க அடியில படுத்திருக்குதுங்க. இதச் சொல்றதுக்கு எதுக்கும்மா கும்புடணும்?"

அப்பா அடுப்படியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். "நாளைக்கி அந்த ஸ்டோருல நான்தான்டா வேல செய்யணும்" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவர் பயப்பட்டது சும்மா இல்லை என்பதும் உனக்குத் தெரியும். ஒரு துரைக்குப் பிடிக்காமல் போனால், இருக்கிற வேலை எப்படிக் கடினமான வேலையாக மாறும் என்பதை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். "தெரியும்ப்பா. அதான் கீழ என் பேர மட்டும் போடுறேன். தலைவரும் அந்தப் புள்ளைங்களோட அம்மாமாரும் விரும்புனா போடட்டும்" என்றாய். அப்பா எழுந்து வந்து உன் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. உன் பெயர் எது என்று கேட்டார். காட்டினாய். "இனிஷியல் எங்க?" என்றார். நீ அவரை அண்ணாந்து பார்த்தாய். "பேர முழுசாப் போடு. யாரு மகன்னு தெரியட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் நின்றார்.

என் நான்கு வரியை நானே அழித்தேன். உனக்குத் தெரியாமல் அப்பாவின் பின்னால் போய் நின்றேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், அடுப்புப் புகை என்று சொன்னார்.

கொழும்புக்கு எழுதிய அந்தக் கடிதத்தைத் துரை வழியாக அனுப்பக் கொடுத்தாய். அதை வாசித்துவிட்டு அவர் உன்னைக் கூப்பிட்டு அனுப்பியபோது நாங்கள் இருவரும் அலுவலகப் படிக்கட்டில் நின்றோம். உள்ளே நடந்ததை நீ வந்து சொன்னாய். அவர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டாராம், "இது யார் எழுதிக் குடுத்தது?" "நான்தான் சேர்." "யார் திருத்தினது?" "நெறையப் பேரு சேர். துபாய்ல ஒருத்தங்க, எங்க அம்மா ஒருத்தங்க." அவர் இன்னொரு தரம் வாசித்துவிட்டு, சிங்களத்தில் சரி என்பதற்கு "ஹரி" என்று சொல்லி, "நானும் இதுக்குக் கீழ எழுதி அனுப்புறேன்" என்றாராம். அந்த வாரத்திலேயே கொழும்பிலிருந்து பதில் வந்தது. உன் கடிதத்தைவிடச் சின்னப் பதில். படங்கள் அனுப்புங்கள், பொறியியலாளர் எந்த நாள் வரலாம் என்று. அவர் வந்து வெடிப்பை அளந்தபோது அது நீ எழுதிய பஸ்ஸைவிட நீண்டுவிட்டிருந்தது. அன்றே மடுவத்தைப் பூட்டச் சொன்னார். குவாட்டர்ஸின் பூட்டு துருப்பிடித்துத் திறக்கவில்லை. கிளாக்கர்தான் கல்லால் அடித்து உடைத்தார். தாய்மார் தரையைக் கழுவினார்கள், தொட்டில் சேலைகளைத் தலையில் சுமந்துகொண்டு போனார்கள். மண்திட்டுக்குத் தாங்குசுவர் கட்டுவதாகச் சொன்னது இன்னும் நடக்கவில்லை. அதற்கு நீ எழுதிய இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை. எழுதினால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

இப்போது ஹோட்டல் வரவேற்பு மேசையில் நிற்கிறாய். அங்கே வேகமாகப் பேசுகிறவர்கள் இருப்பார்கள். பத்துப் பேருக்கு முன்னால் உன்னைத் திருத்துவார்கள். சிலர் உனக்காகத் திருத்துவார்கள், சிலர் தங்களுக்காக. நீ சொல்ல வந்ததைத் தெளிவாக்குகிற திருத்தத்தை யாரிடமிருந்து வந்தாலும் வாங்கிக்கொள். உன்னைக் குனியவைக்கிற திருத்தத்தை, அது உன் அம்மாவிடமிருந்தே வந்தாலும், வேண்டாம் என்று சொல். இதை உனக்கு நான் கற்றுத்தரவில்லை. உன்னிடம் கண்டதைத்தான் சொல்கிறேன். வேலை கிடைத்துவிட்டதே என்பதற்காக அந்தப் பக்கத்தில் எழுதுவதை விட்டுவிடாதே. நீ திருத்திக்கொடுப்பதற்காகக் காத்திருக்கும் ஒருவர் இப்போது எங்கேயாவது இருப்பார்.

கடைசியாக ஒன்று. போன வாரம் மழையைப் பற்றி நீ கேட்டபோது, மண் சரிந்துவிட்டது, ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்று மட்டும் போனில் சொன்னேன். நீ வேலையில் நின்றாய், மேலே சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன். பகல் சாப்பாட்டுக்கு முன்பு, நான் வகுப்பில் இருந்தேன். லொறியிலிருந்து கல் கொட்டுவது போல ஒரு சத்தம். எதிர்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நானும் பாடசாலையிலிருந்து ஓடினேன். எல்லோரும் பழைய மடுவத்துக்குத்தான் ஓடினோம். பிள்ளைகள் அங்கே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். கால்கள்தான் அங்கே போயின. பின்சுவர் உள்ளே விழுந்து, தொட்டில்கள் கட்டியிருந்த உத்தரம் வரை சேறு ஏறியிருந்தது. யாரும் அழவில்லை. என்னிடம் கொழுந்தில் கண்ணில்லை என்று சொன்ன அந்தப் பெண் மட்டும் ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு ஒருத்தி, "இங்க இல்லடி, மேல, மேல" என்றாள். அவளைத் தூக்கி நிறுத்தி, எல்லோரும் திரும்பி ஸ்டோர் பாதையில் ஏறினோம்.

குவாட்டர்ஸ் வாசலில் செல்வி நின்றாள். நாங்கள் மூச்சு வாங்க, சேறும் தண்ணீருமாக வந்து நின்றதைப் பார்த்துவிட்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"மெதுவா வாங்கடி. இப்பத்தான் எல்லாம் ஒறங்குதுங்க."